சொன்ன தேதிக்குப் படம்

வால்பாறையில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன் என்றால் கீழே இருப்பவர்கள் முதலில் கேட்பது, “யானைப் படம் எடுத்திருக்கீங்களா?” என்றுதான். எடுத்திருக்கிறேன். அந்தப் படங்களால் ஒரு மாதக் கடை வாடகைகூடக் கட்டியதில்லை. என் வீட்டில் உலை கொதித்தது பி.எஃப். பாரத்தில் ஒட்டும் படத்தால். காதுகுத்து, சடங்கு, கல்யாண ஆல்பத்தால். இறந்தவர் முகத்தைப் பெரிது பண்ணிச் சட்டம் போட்டுக் கொடுத்ததால். இந்தத் தொழிலுக்கு வரவேண்டும் என்று கழுத்தில் கேமரா தொங்க வந்து நிற்கும் பையன்களிடம் முதல் நாளே இதைச் சொல்லிவிடுவேன். சில பேர் மறுநாள் வரமாட்டார்கள். அதுவும் நல்லதுதான். அவர்களுக்கும் நேரம் மிச்சம், எனக்கும் மிச்சம்.

நான் வேலைக்குச் சேர்ந்தது 1984-ல். அப்பா, அம்மா இருவரும் எஸ்டேட் தொழிலாளிகள். தாத்தா காலத்தில் கங்காணி பின்னால் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து மலையேறிய குடும்பம். ஸ்டுடியோ முதலாளி பொள்ளாச்சிக்காரர். எல்லாரையும் “கண்ணு” என்றுதான் கூப்பிடுவார், திட்டும்போதும். மெயின் ரோட்டில், பலசரக்குக் கடைக்கு மேல் மாடியில் ஸ்டுடியோ. முதல் வருஷம் முழுக்கக் கேமராவை நான் தொட்டது துடைப்பதற்கு மட்டும்தான். தண்ணீர் சுமப்பது, ஹைப்போ கரைப்பது, பிரிண்டு கழுவுவது, கொடியில் கிளிப் மாட்டிக் காயப்போடுவது, இதெல்லாம் என் வேலை.

கறுப்பு வெள்ளைக்கு டெவலப்பர் 20 டிகிரியில் இருக்கவேண்டும். கீழே பொள்ளாச்சி, கோவை ஸ்டுடியோக்களில் சித்திரை வெயிலுக்குத் தட்டைச் சுற்றி ஐஸ் வைப்பார்கள். எங்களுக்கு நேர்மாறு. மார்கழி காலையில் குழாய்த் தண்ணீரில் கை வைத்தால் விரல் மரத்துப்போகும். அந்தத் தண்ணீரில் டெவலப்பர் கரைத்தால் படம் சோகை பிடித்து வெளிறி வரும். மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் வெந்நீர் வைத்து, தெர்மாமீட்டரைப் போட்டுப் பார்த்துக் கலக்கவேண்டும். ஆனி, ஆடியில் வேறு தொல்லை. கொடியில் போட்ட பிரிண்டு மூன்று நாளானாலும் ஈரம் விடாது. கிளேசிங் மெஷின் இருந்தது; கரண்டு இருந்தால்தானே அது ஓடும்? பக்கத்து பேக்கரி அடுப்பு ரூமில் கொடி கட்டிக்கொள்ள முதலாளி அனுமதி வாங்கி வைத்திருந்தார். அந்த மழைக்காலப் படங்களை மூக்கருகே கொண்டுபோனால் பன் வாசனை வரும். யாரும் குறை சொன்னதில்லை.

ஏன் இத்தனை பாடு என்று கேட்டால் கல்லாமேல் கிடந்த நோட்டைக் காட்டுவார். பெயர், எஸ்டேட், டிவிஷன், எத்தனை பிரதி, கடைசியில் தேதி. “தேதி சொல்லாத கண்ணு. சொன்னீன்னா அன்னிக்குக் கையில குடுத்துரோணும்.” அதற்குக் கணக்கு இருந்தது. ஷேக்கல்முடியிலிருந்தோ சோலையாறிலிருந்தோ ஒரு அம்மா படம் வாங்க டவுனுக்கு வந்தால் அன்றைய கொழுந்துக் கூலி போச்சு, பஸ் காசு போச்சு. வந்து நின்று, “நாளைக்கு வாங்கம்மா” என்ற பதிலைக் கேட்டால் இரண்டு நாள் கூலி போச்சு. படம் கொஞ்சம் கறுத்திருந்தால் அந்த அம்மா பொறுத்துக்கொள்வார். வந்த கால் வெறுங்கையோடு திரும்பினால் லைன் முழுக்கப் பேச்சாகிவிடும். படம் எடுப்பது இந்தத் தொழிலில் அறுபதில் ஒரு பங்கு நொடி. மற்றதெல்லாம் கொண்டுபோய்க் கையில் கொடுப்பது. நாற்பது வருஷத்தில் கேமரா எத்தனையோ மாறிவிட்டது. இந்த விகிதம் மாறவில்லை.

கல்யாணத்துக்கு அப்போது யாஷிகா மேட். மேலிருந்து குனிந்து பார்க்கும் கேமரா. கண்ணாடியில் இடம் வலம் மாறித் தெரியும். மாப்பிள்ளை இடது பக்கம் நகர்ந்தால் புதுப் பையன் கேமராவை எதிர்ப்பக்கம் திருப்புவான். 120 ரோலுக்கு 12 படம். சாதாரணக் கல்யாணத்துக்கு மூன்று ரோல், கொஞ்சம் வசதி என்றால் நான்கு. ஆக, மொத்தக் கல்யாணமும் முப்பத்தாறு படத்துக்குள் வந்தாகவேண்டும். எந்தப் படம் யாருக்கு என்று முன்னாலேயே தெரியாவிட்டால் கை நடுங்கும்.

வால்பாறையில் அது லேசுப்பட்ட விஷயம் இல்லை. ஒரே எஸ்டேட்டில் திருநெல்வேலிக்காரர், ராமநாதபுரத்துக்காரர், பாலக்காட்டுக்காரர், கீழ்நாட்டுக் கவுண்டர், தேவாலயத்துக்குப் போகிறவர், பள்ளிவாசலுக்குப் போகிறவர் எல்லாரும் இருப்பார்கள். கொங்குக் கல்யாணத்தில் இணைச்சீர் நடக்கும்போது மாப்பிள்ளையின் அக்கா தங்கையை எடுக்காமல் விட்டால் அந்த வீட்டு வாசலை மறுபடி மிதிக்கமுடியாது. சடங்கை நடத்துகிற அருமைக்காரர் எந்த நேரத்தில் எங்கே நிற்பார் என்பது தெரிந்திருக்கவேண்டும். தெக்கத்திக் கல்யாணத்தில் தாய்மாமன் முக்கியம். சில வீடுகளில் பெண்களை எடுக்கக்கூடாது. அதை அங்கே போய்ச் சண்டை வந்தபிறகு தெரிந்துகொள்ளக்கூடாது. முதலாளி புக்கிங் வாங்கும்போது மாப்பிள்ளையிடம் பேசவே மாட்டார். வீட்டில் வயசான அம்மிணி யார் என்று கேட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். “ஏனுங்கம்மா, உங்கூட்டு முறை எப்படி? யாரு யாருக்கு என்ன செய்வீங்க?” அரைமணி நேரத்தில் எல்லாம் வந்துவிடும். இன்றைக்கு ஒரு கல்யாணத்துக்கு மூவாயிரம் படம் எடுக்கிற பையன்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. மூவாயிரத்திலும் பெரியம்மா இல்லை என்று ஆல்பம் திரும்பி வருவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஸ்டுடியோவுக்குள் மூன்று திரை இருந்தது. ஒன்றில் தாஜ்மகால், ஒன்றில் மாடிப்படியும் ரோஜாச் செடியும், மூன்றாவதில் தென்னை மரத்தோடு கடற்கரை. சுற்றிலும் மலையும் தேயிலையும் மேகமுமாக ஊர் இருக்க, எங்கள் ஆட்கள் கேட்டது கடலைத்தான். தீபாவளி போனஸ் பட்டுவாடா ஆன வாரம் மாடிப்படியில் வரிசை நிற்கும். தேயிலைக்குள் நிற்கவைத்து எடுக்கட்டுமா என்று நான் ஒருமுறை கேட்டதற்கு ஒரு அக்கா சொன்னார்: “அதுக்குள்ளதான தம்பி தெனமும் நிக்கிறோம்.” வெளியூர்க்காரர்கள் இன்று அதே தேயிலைக்குள் நின்று எடுத்துக்கொள்ளக் காசு கொடுக்கிறார்கள். அழகு எது என்பதை வாடிக்கையாளர் தீர்மானிக்கிறார். அதில் வாதம் பண்ணுவது நமக்கு வேலை இல்லை.

இன்னொன்று, அப்போது கையிலிருந்த ரோலும் பேப்பரும். எங்கள் கறுப்பு வெள்ளைக் காலத்தில் பாதிச் சரக்கு ஊட்டியிலிருந்துதான் வந்தது. இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 1960-ல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம். 1967-ல் உற்பத்தி ஆரம்பித்தது. ‘இந்து’ என்ற பெயரில் ரோலும் பேப்பரும் போட்டார்கள். எக்ஸ்ரே பிலிமும் அங்கே செய்தார்கள். நீலகிரியில் செய்த ரோல், ஆனைமலையில் எடுத்த படம் என்று முதலாளி பெருமையாகச் சொல்வார். கலர் வந்ததும் அந்த நிறுவனம் தடுமாறி, டிஜிட்டல் வந்ததும் எழுந்திருக்கவே இல்லை. கடைசியில் மூடினார்கள். அதைக் கேட்டபோது வருத்தம்தான். ஆனால் அந்த ரோலை வாங்குவதை நானும் அதற்குப் பல வருஷம் முன்பே நிறுத்தியிருந்தேன். எல்லா ஸ்டுடியோக்காரரும் அப்படித்தான் இருந்திருப்போம். 2012 ஜனவரியில் கோடாக்கே திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது என்று பேப்பரில் படித்தபோது, ஊட்டியை மட்டும் குறை சொல்லி என்ன என்று தோன்றியது.

கலர் வந்தது எங்கள் கையிலிருந்து பாதி வேலையைப் பிடுங்கிக்கொண்டது. கலர் நெகட்டிவ் கழுவ 38 டிகிரி, அரை டிகிரி ஏறக்கூடாது இறங்கக்கூடாது. அது பேக்கரி அடுப்போடு நடக்கிற காரியம் இல்லை. ரோலுக்கு மேல் பிளாஸ்திரி ஒட்டி, நம்பர் எழுதி, துணிப்பையில் கட்டி, பொள்ளாச்சி பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவோம். அங்கே ஒரு ஆள் வாங்கிக் கோவை லேபுக்கு அனுப்புவார். படம் அதே வழியில் திரும்பி வரும். பொள்ளாச்சி 64 கிலோமீட்டர். ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவு. மழைக்காலத்தில் எங்காவது மண் சரிந்தால் பஸ் நின்றுவிடும். சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிகம் மழை கொட்டுகிற இடங்களில் ஒன்று. அப்படிப்பட்ட ஊரில் தேதி சொல்வது சாதாரணமா? ஆனி பிறந்ததும் முதலாளி நோட்டில் எல்லாத் தேதியோடும் ஒரு வாரம் கூட்டிவிடுவார். வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். “முன்னாடி சுளிச்சா பரவால்ல” என்பார். லேபில் ஒருவேளை சீக்கிரம் வந்து, சொன்ன தேதிக்கு முன்பே ஆள் அனுப்பிக் கொடுத்தால் அதற்கு வரும் பேரே தனி.

வெளிச்சத்தைப் பற்றிப் புத்தகத்தில் இல்லாத இரண்டு விஷயத்தை இந்த ஊர் கற்றுக்கொடுத்தது. ஒன்று, மூடுபனி. மீட்டர் வெள்ளையைப் பார்த்தால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடும். பனிக்குள் நிற்கும் ஆள் முகம் கரியாக வரும். மீட்டர் சொல்வதற்கு மேல் ஒரு ஸ்டாப், பனி கனமாக இருந்தால் ஒன்றரை ஸ்டாப் கூட்டவேண்டும். இன்றைய கேமராவும் அதே தவற்றைத்தான் செய்கிறது. இரண்டு, தேயிலையின் பச்சை. வெட்டவெளியில் இடுப்புயரத்துக்குப் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் இருக்கிற இடத்தில் பெண்ணை நிற்கவைத்தால் அந்தப் பச்சை தாடைக்கடியில், கழுத்தில், வெள்ளைச் சட்டையில் ஏறும். கண்ணுக்குத் தெரியாது, பிரிண்டில் தெரியும். லேப்காரர் அதைச் சரிசெய்கிறேன் என்று சிவப்பைக் கூட்டினால் வானம் கெட்டுப்போகும். நான் செய்வது, கால் பக்கத்தில் ஒரு வெள்ளை வேட்டியை விரிப்பதுதான். பெரிய பெரிய ரிஃப்ளெக்டர் எல்லாம் இப்போது வந்துவிட்டது. ஒன்பதாவது கொண்டை ஊசியில், லோம்ஸ் வியூவில், காற்றடிக்கும்போது அதைப் பிடித்து நிற்கிற பையன் ஆழியாறு அணைக்குப் பறந்துபோவான். வேட்டியின் மேல் நாலு கல்லை வைத்தால் போதும்.

லென்ஸில் பூஞ்சை பிடிப்பதைச் சொல்லாமல் வால்பாறையில் தொழில் பேசமுடியாது. கண்ணாடிக்குள் சிலந்தி வலை மாதிரி ஒரு நூல் கிளம்பும். முதலில் ஓரத்தில்தான் இருக்கும், படத்தில் தெரியாது. எதிர்வெளிச்சத்தில் எடுக்கும்போது ஒருநாள் படம் முழுக்கப் பால் ஊற்றினாற்போல் வரும். அப்போது காலம் கடந்திருக்கும். கேமராவோடு அழகாகத் தருகிற தோல் உறையை முதலில் தூக்கிப் போடவேண்டும், ஈரத்தை அதுதான் பிடித்து வைக்கிறது. மர அலமாரியில் எப்போதும் எரிகிற ஒரு சின்ன குண்டு பல்பு, தட்டில் சிலிக்கா ஜெல். ஜெல் நீலமாக இருந்தால் வேலை செய்கிறது, ரோஸ் நிறமானால் வாணலியில் வறுத்துத் திரும்ப வைக்கவேண்டும். குண்டு பல்பு இப்போது கடையில் தேடவேண்டியிருக்கிறது, எல்.இ.டி. சூடு தராது. வசதி உள்ளவர்கள் மின்சார உலர் பெட்டி வாங்குகிறார்கள். அதைவிட நல்ல மருந்து, தினமும் லென்ஸை வெளியே எடுத்து வேலை செய்வது. ஓய்வெடுக்கிற லென்ஸுக்குத்தான் பூஞ்சை. அப்புறம், குளிரில் ஜீப்பில் வந்து இறங்கி நேராக மண்டபத்துக்குள் கேமராவை வெளியே எடுக்காதீர்கள். சனக்கூட்டத்தின் மூச்சுச் சூட்டில் கண்ணாடி வேர்த்துவிடும். பையை மூடியபடியே ஒரு கால்மணி நேரம் உள்ளே வைத்திருந்து பிறகு திறக்கவேண்டும். தாலி கட்டுகிற நேரத்தில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு வெளியூர்க் குழுவைப் பார்த்திருக்கிறேன்.

எங்களைப் பல வருஷம் காப்பாற்றியது அடையாளப் படம். 1993-ல் தேர்தல் ஆணையம் வாக்காளருக்குப் புகைப்பட அட்டை வேண்டும் என்றது. சேஷன் ஆணையராக இருந்த காலம். அந்த வேலை டெண்டரில் போனது, எங்களுக்கு நேரடியாகக் காசு வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகுதான் படம் என்பது ஒரு தேவை என்று எல்லாருக்கும் ஆனது. பேங்க், இன்சூரன்ஸ், ரேஷன், பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் படம். அதுவரை வாழ்நாளில் கேமரா முன் உட்காராத கிழவர்கள் படியேறி வந்தார்கள். பின்பு ஆதார் வந்தது. 2010-ல் முதல் அட்டை கொடுத்தார்கள். அவர்களே கேமரா வைத்து எடுத்துக்கொள்கிறார்கள். பாஸ்போர்ட்டும் டிரைவிங் லைசென்ஸும் அப்படியே ஆயிற்று. அடையாளப் படத்தை மட்டும் நம்பி இருந்த ஸ்டுடியோக்கள் ஜெராக்ஸ் கடையாகிவிட்டன. அதில் கேவலம் ஒன்றும் இல்லை. என் கடையிலும் ஒரு ஜெராக்ஸ் மெஷின் இருக்கிறது, பல மாதம் கரண்டு பில் அதுதான் கட்டியது.

ஊரே இறங்கிப்போனதும் நடந்தது. 2001 மக்கள்தொகைக் கணக்கில் வால்பாறையில் 95 ஆயிரம் பேர் அளவுக்கு இருந்தார்கள். 2011-ல் 71 ஆயிரம் அளவுக்கு வந்துவிட்டது. தேயிலை விலை சரிந்த வருஷங்கள் அவை. பிள்ளைகள் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் கோவைக்கும் போனார்கள். அவர்கள் இடத்துக்கு அசாம், ஜார்க்கண்ட் பக்கமிருந்து குடும்பங்கள் வந்தன. அவர்களும் என் கடைக்கு வருகிறார்கள். ஊருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப ஒரு குடும்பப் படம், சில நேரம் கையில் எடுத்துப்போக ஒரு பிரிண்டு. பேச்சு பாதி சைகையில்தான். அவர்களும் கேட்பது கடற்கரைத் திரையைத்தான்.

அந்த இறக்கத்தில்தான் ஒரு புது வேலை முளைத்தது. எஸ்டேட் வீடு வேலையோடு சேர்ந்தது. ரிட்டயர் ஆனால் கணக்கு முடித்து வீட்டைக் காலி செய்யவேண்டும். முப்பது, நாற்பது வருஷம் இருந்த லைன் வீடு. காலி செய்வதற்கு முந்தைய வாரம் கூப்பிடுவார்கள்: “வீட்டோட சேத்து ஒரு படம் எடுத்துக் குடுங்க தம்பி.” வாசலில் இருவரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். பின்னால் கதவு, எஸ்டேட் பெயிண்டில் எழுதிய வீட்டு நம்பர். நம்பர் கட்டாயம் விழவேண்டும் என்பார்கள். முதல் தடவை எனக்கு அது புரியவில்லை; அழகான சட்டகத்துக்காக நம்பரைத் தள்ளிவைக்கப் பார்த்தேன், அந்தப் பெரியவர் எழுந்து நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டார். இதற்கு நான் தனி விலை வைத்ததில்லை, போகிற தூரத்துக்கு ஜீப் காசு மட்டும். ஆனால் அந்தக் குடும்பத்தில் அடுத்த கல்யாணம் திருப்பூரில் நடந்தாலும் என்னைக் கூப்பிடுவார்கள். கணக்குப் பார்த்தால் விளம்பரத்துக்கு நான் செய்த செலவு அதுதான்.

டிஜிட்டலுக்கு நான் மாறியது 2005 வாக்கில். ரோல் காசு மிச்சம், பஸ்ஸில் அனுப்பவேண்டாம். தேதிக் கவலை தீர்ந்தது என்று நினைத்தேன். தீரவில்லை, இடம் மாறியது. எடுத்த படங்களை உட்கார்ந்து பொறுக்குவது, டிசைன் பண்ணுவது, ஆல்பம் அச்சடிக்கக் கோவைக்கு அனுப்புவது, வீட்டுக்காரர் இதை மாற்று அதை மாற்று என்பது. மூன்று ரோல் காலத்தில் ஒரு வாரத்தில் கொடுத்த ஆல்பம் இப்போது மூன்று மாதமாகிறது. பல கல்யாணங்களில் குழந்தை பிறந்த பிறகுதான் ஆல்பம் வருகிறது. ஆகவே நான் வைத்திருக்கிற முறை: கல்யாணம் முடிந்த மறுவாரமே முப்பது, நாற்பது படம் பிரிண்டு போட்டு வீட்டு வயசானவர்கள் கையில் கொடுத்துவிடுவது. ஆல்பம் பிறகு மெதுவாக வரட்டும். பெரியவர்களுக்கு ஆல்பம் வரை காலம் இருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்?

நெகட்டிவ் அழிய வெள்ளமோ தீயோ வரவேண்டும். ஹார்ட் டிஸ்க் சும்மா இருக்கும்போதே போகும். கார்டிலிருந்து இரண்டு டிஸ்க்கில் ஏற்றாமல் கார்டை அழிக்காதீர்கள். இரண்டில் ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். கேமராவிலும் அதே கணக்கு. இரண்டாவது லென்ஸ் வாங்கும் முன் இரண்டாவது கேமரா வாங்குங்கள், பழையதாக இருந்தாலும் போதும். ஷட்டர் நின்றுவிட்டது என்று முகூர்த்தத்தில் சொல்லமுடியாது. முதல் ஒன்றிரண்டு சீசன் கோவையில் வாடகைக்கு எடுத்து வேலை செய்து பார்த்துவிட்டு வாங்குவது உத்தமம். தவணையில் வாங்கிய கேமராவுக்கு ஆடி மாதம் தெரியாது. கல்யாணம் இல்லாத மாதத்திலும் தவணை வரும்.

காசு விஷயத்தில் கூச்சப்படக்கூடாது. பாதி முன்பணம், எத்தனை பக்க ஆல்பம், என்ன தேதி, ரத்தானால் என்ன என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடவேண்டும். சொந்தக்காரரானாலும். சொந்தக்காரர் என்றால் கட்டாயம். சேவைத் தொழிலுக்கு வருஷத்துக்கு 20 லட்சம் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும், எங்களில் பல பேருக்கு அந்தப் பாக்கியம் வாய்ப்பதில்லை. ஆனால் பில் புத்தகம் வையுங்கள். எஸ்டேட் ஆபீஸ், பள்ளிக்கூடம், பேங்க் வேலையெல்லாம் பில் இல்லாமல் வராது.

பல பேருக்குத் தெரியாத ஒன்று. 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்து ஒருவர் தமக்காக எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், அவர்தான் முதல் உரிமையாளர். நாம் இல்லை. அந்தக் காலத்தில் ஸ்டுடியோ ஷோகேஸில் அழகான பெண் படத்தை மாட்டிவைத்துத் தகராறாகி, அண்ணன் தம்பிகள் வந்து கண்ணாடியை உடைத்த கதை ஊருக்கு ஊர் உண்டு. இன்று ஷோகேஸ் என்பது இன்ஸ்டாகிராம். எழுத்தில் சம்மதம் வாங்காமல் நான் ஒரு படமும் போடுவதில்லை. அந்தத் தாளில் அதற்கும் ஒரு வரி இருக்கிறது.

இப்போது யானைக்கு வருகிறேன். அதையும் கேட்காமல் யாரும் எழுந்து போகமாட்டார்கள்.

முகூர்த்தம் விடியற்காலை என்றால் நாங்கள் மூன்று மணிக்குக் கிளம்பவேண்டும். இந்த ஊரில் அந்த நேரம் ரோடு யானையுடையது. முன்பெல்லாம் டிரைவரின் மூக்கும் அதிர்ஷ்டமும்தான் துணை. இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளைக்காரர்கள் முதலில் உள்ளூர் கேபிள் டிவியில் ஓடும் எழுத்தாக யானைக்கூட்டம் எங்கே நிற்கிறது என்று போட்டார்கள். 2011 முதல் செல்போனுக்கே செய்தி வருகிறது. உயரமான இடங்களில் சிவப்பு விளக்கு மினுக்கும். அந்த வேலைக்காக அவர்களில் ஒருவரான ஆனந்தகுமாருக்கு 2015-ல் விட்லி விருது கிடைத்தது. என் அசிஸ்டென்ட் பையன்களுக்கு நான் கொடுத்திருக்கிற கட்டளை, பேட்டரி சார்ஜ் பார்ப்பதற்கு முன் அந்தச் செய்தியைப் பார் என்பது. யானை வழியில் நின்றால் விளக்கை அணைத்துக் காத்திருப்பதுதான். அதற்கும் சேர்த்துத்தான் ஒரு மணி நேரம் முன்னால் கிளம்புகிறோம். தேதி மாதிரி நேரமும்.

2007-ல் ஆனைமலை புலிகள் காப்பகமானபின் காட்டுப் படம் எடுக்க ஆசைப்பட்டு வருகிறவர்கள் பெருகிவிட்டார்கள். புதுத்தோட்டம் ரோட்டோரத்தில் சிங்கவால் குரங்குக் கூட்டம் சுலபமாகக் கிடைக்கும். உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் இருக்கிற பிராணி. பிஸ்கட் வீசிப் பக்கத்தில் வரவழைத்து எடுக்கிறார்கள். பிஸ்கட் பழகிய குரங்கு ரோட்டுக்கு வரும், கார் அடிக்கும். அதற்காகவே மரத்துக்கு மரம் குறுக்கே பாலம் கட்டிவிட்டிருக்கிறார்கள். இருவாச்சிக் கூடு இன்னும் மோசம். பெண் பறவை பொந்துக்குள் தன்னைப் பூசி அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஆண் கொண்டுவரும் பழம்தான் அதற்கும் குஞ்சுக்கும் உணவு. கீழே நாலு பேர் கேமராவோடு நின்றால் ஆண் அந்தப் பக்கம் வராது. என்னிடம் கூடு எங்கே என்று கேட்டு வருகிறவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவேன். காப்பகத்துக்குள் படமெடுக்க வனத்துறை அனுமதி வேண்டும். டிரோனை மேலே விட்டால் கேமராவும் போகும், அபராதமும் வரும். கல்யாண ஜோடிக்காக அந்த ஆபத்தை எடுக்கச் சொல்லி வற்புறுத்துகிற வீட்டாரும் உண்டு. அந்த புக்கிங்கை விட்டுவிடலாம்.

இப்போது என்னிடம் ஒரு பையன் வேலை பார்க்கிறான். கருமலைப் பக்கம் வீடு, அம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறார். வேலைக்கு வந்து ஆறு மாதம் ரீல்ஸ் மட்டும்தான் எடுத்தான். பிறகு ஒருநாள் பின் அறையில் நெகட்டிவ் அலமாரியைத் திறந்தவன் அதைவிட்டு வெளியே வரவில்லை. முதலாளி காலத்திலிருந்து எல்லாம் கவரில் போட்டு, எஸ்டேட் வாரியாக, தேதி போட்டு அடுக்கியிருக்கிறது. அவன் ஒரு லைட் பாக்ஸும் மேக்ரோ லென்ஸும் வைத்து ஒவ்வொன்றாக டிஜிட்டல் கேமராவில் எடுத்து ஏற்றிக்கொண்டிருக்கிறான். திருப்பூரிலிருந்தும் கோவையிலிருந்தும் போன் வருகிறது: “அப்பா போட்டோ ஒண்ணுகூட இல்லீங்க, எண்பத்தேழுல உங்க ஸ்டுடியோவுல எடுத்ததா அம்மா சொல்றாங்க.” நோட்டில் தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது.

இதற்குக் காசு வாங்கவேண்டுமா என்பதில் எனக்கும் அவனுக்கும் தினம் தகராறு. ஏற்கெனவே காசு வாங்கி எடுத்த படம், செத்துப்போனவர் முகம், இதற்கென்ன விலை என்பது என் கட்சி. “அண்ணா, சும்மா குடுத்தா வாட்ஸ்அப்புல வாங்கிட்டு அழிச்சிருவாங்க. நூறு ரூபா வாங்குனா பிரிண்டு போட்டு மாட்டுவாங்க” என்கிறான். இப்போதைக்கு முடிவு, படம் இலவசம், பிரிண்டுக்கும் சட்டத்துக்கும் மட்டும் காசு. தேதி மட்டும் நான்தான் எழுதுவேன் என்று சொல்லியிருக்கிறேன். அவன் எல்லாருக்கும் நாளைக்கே தருகிறேன் என்று சொல்லிவிடுகிறான்.